உப்புப் போட்ட சட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. கள்ளிக்குப்பத்து ஓட்டு வீடு ஒன்றின் கூடத்தில், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தேவராஜ் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு மேஜை மேல் கிடந்த வெள்ளைச் சட்டையின் மேல் புஸ்ஸென்று ஊதினான். கோயில் குடமுழுக்கில்கூட அவ்வளவு சீராகத் தண்ணீர் தெளித்திருக்க மாட்டார்கள். கரி இஸ்திரிப் பெட்டிக்குள் கொட்டாங்கச்சிக் கங்கு கண் சிமிட்டியது. பெட்டியின் அடியை வாழை இலைத் துண்டில் இரண்டு இழுப்பு இழுத்துப் பளபளப்பாக்கிக்கொண்டு, காலரின் ஒரு முனையிலிருந்து நடுவுக்கும், மறு முனையிலிருந்து நடுவுக்குமாக நகர்த்தினான். முனையை நோக்கித் தேய்த்தால் சுருக்கம் மொத்தமும் முனையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. பதினைந்து வருஷமாகச் சட்டைகளே அவனுக்குச் சொல்லித் தந்தன.

அந்தச் சட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாடியில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் தேவராஜ் ஸ்டோர் கீப்பர். வயது முப்பத்தேழு. கிரீஸும் ஆயிலும் இரும்புத் தூளுமாகக் கிடக்கிற அந்தக் கறுப்புச் சமுத்திரத்துக்கு நடுவே அவன் மட்டும் கொக்கு மாதிரி வெள்ளை பாப்ளின் சட்டையில் நடந்து போவான். ஒரு கொசு அவன் தோளில் உட்காரப் பார்த்து, வழுக்கி விழுந்து, இடுப்பை ஒடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆயுத பூஜைக்குப் புது மிஷின் திறந்தபோது, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் அகப்படாமல், மேனேஜர் தேவராஜை அழைத்துக் காலரைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. இஸ்திரி போட்ட சட்டையைத் தரையில் நிறுத்தினால் அது தானாக நிற்கும். அப்படி நிறுத்திவிட்டு அவன் முகம் கழுவப் போயிருந்த ஒரு நாள், பால்காரர் வாசலில் வந்து நின்று, "இன்னா தேவராஜு, அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்று சட்டையைக் கேட்டுவிட்டு, பதில் வராததால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வம்பெல்லாம் கதவு திறந்திருந்த காலத்தில். இப்போது கதவு சாத்தித்தான் வேலை.

"டேய் நைனா, சந்துப் பக்கத்து ஜன்னலயும் சாத்துடா. முனியம்மா எட்டி எட்டிப் பாத்துகினு கீறா" என்றாள் அவன் அம்மா தாயம்மா, தலை பின்னிக்கொண்டே.

"புழுங்குதும்மா. பெட்டி வேற."

"புழுங்கட்டும். ஆவடிக்காரன் வந்தானே, மறந்து போச்சா?"

மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆவடியில் ஒரு பெண். எல்லாம் பேசி முடித்து, தட்டு மாற்றுவதற்கு நாள்கூடப் பார்த்தாயிற்று. ஏதோ கேட்டுவிட்டுப் போக வந்த பெண்ணின் சித்தப்பா, லுங்கியும் கரிப்பெட்டியுமாக நின்ற தேவராஜைப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஊட்ல பொம்பள இருக்க சொல்லோ ஆம்பள இஸ்திரி போட்டுகினு கீறான்? நாளைக்கு எங்க பொண்ணு போய் இன்னா செய்யும், கால் மேல கால் போட்டுகினு வேடிக்க பாக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அத்தோடு சரி. அன்றிலிருந்து தாயம்மா ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே பாட்டாகச் சொல்லத் தொடங்கினாள்: மகன் சட்டைக்குக் கஞ்சி போடுவது அவள், இஸ்திரி போடுவது அவள், மகனுக்கு இஸ்திரிப் பெட்டி எந்தப் பக்கம் சுடும் என்றுகூடத் தெரியாது. நாலைந்து தடவை சொன்னபின் அவளே அதை நம்பிவிட்டாளோ என்று தேவராஜுக்குச் சந்தேகம்.

அவனும் வாயைத் திறந்ததில்லை. அம்மாவைப் பொய்க்காரியாக்க மனம் வராது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் அம்மா, "நீ வந்துட்டின்னா அவன் சட்டையெல்லாம் உன் பொறுப்புமா" என்பாள். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொள்ளும். இவனுக்கோ தன் கையிலிருந்து பெட்டியை யாரோ பிடுங்கிக்கொண்டு போவது போல இருக்கும். கசங்கிக் கிடக்கிற துணி, பெட்டி போன வழியெல்லாம் புதுத் தார் ரோடு மாதிரி நீண்டு கிடப்பதைப் பார்க்கிற சுகம், அவனுக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. போன இடமெல்லாம் ஏதோ ஒரு சாக்கில் தட்டிப் போனபோது அம்மா அழுதாள். அவனுக்கு ஒரு கண்ணில் வருத்தம், மறு கண்ணில் நிம்மதி.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும். அதற்கான சட்டைதான் மேஜை மேல் கிடந்தது. அதில்தான் கோளாறு நடந்திருந்தது. தேவராஜுக்கு அது தெரியாது.

வழக்கமாக அந்த வீட்டில் சோறு வடிக்கும்போது கஞ்சி இரண்டாகப் பிரியும். அலுமினியச் சட்டியில் விழுவது சட்டைக்கு. மண்சட்டியில் விழுவது தாயம்மாவுக்கு. ஒரு கை கல் உப்பைப் போட்டுக் கலக்கி, ஆறவைத்து, மத்தியானம் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு குடிப்பாள். அவள் போடுகிற உப்பில் ஒரு கல்யாணத்துக்குச் சாம்பாரே வைக்கலாம். சனிக்கிழமையன்று மண்சட்டி விரிசல் விட்டுக் கசிந்தது. தாயம்மா தன் உப்புக் கஞ்சியை அலுமினியச் சட்டிக்கு மாற்றினாள். சட்டைக் கஞ்சியைக் குண்டானில் ஊற்றி மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். தேவராஜ் பாதி நாள் வேலை முடிந்து வந்தான். கை தானாக அலுமினியச் சட்டிக்குப் போயிற்று. கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஒரு சொட்டு நீலம் விட்டு, பாப்ளின் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி முக்கி எடுத்து உதறிக் காயப் போட்டான். கோயிலிலிருந்து வந்த தாயம்மா காலிச் சட்டியைப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே பக்கத்து வீட்டு முனியம்மாவின் பூனைமேல் பழி விழுந்தது. அந்தப் பூனையையும், அதைப் பெற்ற பூனையையும், முனியம்மாவின் மாமியாரையும் சேர்த்து அவள் வைத வசவு அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். முனியம்மாவும் சும்மா விடவில்லை. தேவராஜ் கிணற்றடியில் இருந்தான். பெண்கள் சண்டையில் பூனை என்ற சொல் மட்டும்தான் அவன் காதில் விழுந்தது.

உப்புக் கஞ்சி போட்ட சட்டை, காய்ந்த நேரத்தில் நல்ல பிள்ளையாகத்தான் நின்றது. பெட்டி சூட்டில் விறைத்துப் பளபளத்தது. தேவராஜே ஒரு நிமிஷம் அசந்து போனான்.

பஸ்ஸில் ஏறியதும் அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சட்டை இடுப்பில் மடியும். சட்டையை பேண்டுக்குள் விடவும் இல்லை. அதெல்லாம் இறங்கியபின் செய்ய வேண்டியது. ஆவடி வழியாகப் பூந்தமல்லி போகிற அந்த பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ராணுவ அணிவகுப்பில் நிற்கிறவன் மாதிரி அவன் நின்றான்.

"சார், சீட்டு கீது. உக்கார்றதுக்கு தனியா டிக்கெட் கிடையாது" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும் அண்ணாத்தே."

"கீழ ஏதாவது கட்டி கிட்டியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. தாயம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பருத்திப்பட்டு தாண்டியதும் காற்று நின்றது. வேர்த்தது. வேர்வை பட்ட உப்பு தன் வேலையைத் தொடங்கியது. முதலில் தோள் பட்டை தொய்ந்தது. பிறகு கைகள். பிறகு முதுகு, ஊறிய அப்பளம் மாதிரி முதுகோடு ஒட்டிக்கொண்டது. அக்குளிலும் மார்பிலும் வெள்ளை வெள்ளையாகத் தேசப்படங்கள் பூத்தன. பதினைந்து வருஷத்தில் எந்தச் சட்டையும் அவனுக்கு இந்தத் துரோகம் செய்ததில்லை.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஹாஜா மொய்தீன் காத்திருந்தார். அந்த ஊர்த் தையல்காரர். தேவராஜின் சட்டைகள் அத்தனையும் அவர் தைத்தவை. பெண் வீட்டு அண்ணன் தம்பிகளின் சட்டைகளும் அவர் தைத்தவையே. இரண்டு வீட்டுச் சட்டைகளும் காலர் திருப்ப அவரிடம் வரும்போதெல்லாம், இந்த இஸ்திரிக்கும் அந்த இஸ்திரிக்கும் ஜாதகப் பொருத்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. சம்பந்தத்தைப் பேசியதும் அவர்தான்.

"இன்னா தேவராஜு, வர்ற வழியில ஏரியில வுயுந்தியா?"

"தெரியல பாய். என் கை மேலயே எனக்கு சந்தேகம் வந்துச்சு" என்று தேவராஜ் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். பின்னால் யாரோ மெல்ல இழுத்தார்கள். திரும்பினான். ஒரு வெள்ளாடு. உப்பு ருசி கண்ட சந்தோஷத்தில் சட்டையின் பின் நுனியை நக்கி முடித்து, மென்று, உள்ளங்கை அகலத்துக்கு விழுங்கியும் விட்டிருந்தது. பிடுங்கப் பிடுங்க அது விடவில்லை. பஸ் நிலையமே கூடிவிட்டது. ஆட்டின் வாலை ஹாஜா மொய்தீனும், சட்டையை தேவராஜும், தேவராஜைத் தாயம்மாவும் பிடித்து இழுத்ததாகக் கொய்யாப்பழம் விற்ற பெண் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போய்டலாம்டா நைனா. சகுனம் சரியில்ல" என்றாள் தாயம்மா.

"சகுனம் ஆட்டுக்குத்தாம்மா சரியில்ல, அதுக்குதான் சட்ட முழுசா கெடைக்கல" என்றார் ஹாஜா மொய்தீன். "பேண்ட்டுக்குள்ள வுட்டுக்கோ தேவராஜு. எவனுக்குத் தெரியும்."

பெண் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், நீளமான கூடம் வைத்த வீடு. தாயும் தகப்பனும் இல்லை. மூத்தவர் மணவாளன், சைக்கிள் கடைக்காரர். அவருக்குக் கீழே இரண்டு தம்பிகள். நடுவில் ஒரே தங்கை நாகவல்லி, முப்பத்திரண்டு வயது, அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். மணவாளன் வாசலுக்கே வந்து கும்பிட்டார். அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்த தேவராஜ் பதிலுக்குக் கும்பிட மறந்தான். காலரில் ஒரு நூல் அசையவில்லை. தோளில் கோடு விழாத வளைவு. கைமடிப்பு ஒரே ஒரு கோடு, ரயில் தண்டவாளம் மாதிரி. அப்படிப்பட்ட சட்டைக்கு முன்னால், உப்புப் பூத்து ஊறிப்போன தன் கோலத்தோடு அவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். ஆடு தின்ற நுனி பின்னால் எங்கோ உறுத்தியது.

நாகவல்லி காபித் தட்டோடு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மணவாளன் லேசாகச் செருமினார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தேவராஜ் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவள் கையைப் பார்த்தான். வலது மணிக்கட்டின் உள்பக்கம், பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு. தழும்புக்கு மேல் இன்னொன்று. பெட்டியின் ஓரம் பட்டால் மட்டுமே அங்கே, அந்த வளைவில், அப்படி விழும். அவனுக்கும் அதே இடத்தில் இருந்தது. தன் கையைத் திருப்பி முழங்காலில் மறைத்துக்கொண்டான். சட்டென்று அவனுக்கு இந்தச் சம்பந்தம் தட்டிப் போய்விடக் கூடாது என்று தோன்றிவிட்டது. நிம்மதி இருந்த கண்ணை அந்த நேரத்தில் தேடியும் காணவில்லை.

"பாய் எல்லாம் சொல்லிகீறாரு. ஆனா ஒண்ண நானே சொல்லிட்றேன்" என்று நாகவல்லி ஆரம்பித்தாள். குரலில் கோபமில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்ததைச் சொல்கிற நிதானம். "என்னப் பாக்க இதுக்கு முன்னாடி வந்தவங்க யாரும் என்னப் பாக்கல. எங்கண்ணன் சட்டையப் பாத்தாங்க. 'இது யார் இஸ்திரி, பொண்ணா? அப்ப சரி'ன்னு தலையாட்னாங்க. பதினஞ்சு வயசுலருந்து மூணு பேருக்கு இஸ்திரி போட்றேன். என் ஞாயித்துக்கிழம எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இங்கருந்து போற ஊட்லயும் ஒரு புருஷன் சட்டைக்கு கஞ்சி போட்டுகினு நிக்கறதுன்னா, நான் இங்கயே நிக்கறேன். இங்க அண்ணனாவது கூடப் பொறந்தவன்."

மணவாளன் தன் காலரைத் தொட்டுக்கொண்டார்.

நாகவல்லி தேவராஜைப் பார்த்து நேராகக் கேட்டாள்: "உங்க சட்டைக்கு யாரு கஞ்சி போட்றது?"

தேவராஜ் வாயைத் திறப்பதற்குள் தாயம்மா பாய்ந்தாள். "நான்தாம்மா போட்றேன்! இத்தினி வருஷமா நான்தான். என் புள்ள ஒரு துணி தொட மாட்டான். நீ வந்துட்டின்னா..."

நாகவல்லி எழுந்துகொள்ளவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டதைத் தேவராஜ் பார்த்தான். கள்ளிக்குப்பத்து ஜன்னல்களைத் தானே ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்ட கைக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆவடிக்காரரிடம் பட்டதை இனி மகன் எங்கேயும் படக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நாலு பேர் நடுவே பொய்க்காரியாக்குவதா? எதிரே அந்தக் கை தட்டை எடுக்க நீண்டது. தட்டு போய்விட்டால் எல்லாம் போய்விடும்.

"அம்மா இல்ல" என்றான். "நான்தான் போட்றேன். கஞ்சியும் நான்தான், இஸ்திரியும் நான்தான். அந்தப் பெட்டிய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். வர்றவங்களுக்கும் குடுக்க மாட்டேன்."

தம்பிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். மணவாளனும் மீசைக்குள் சிரித்தார். "சார், பொண்ணு கேட்டுச்சேன்னு சொம்மா சொல்லாதீங்க. ஆம்பள இஸ்திரி போட்டா சட்ட இப்டித்தான் இருக்கும்னு காட்டறதுக்கு இதப் போட்டுகினு வந்தீங்களா?"

"அவன் வெளையாட்டுக்கு சொல்றாம்பா" என்றாள் தாயம்மா, முகம் வெளுத்து.

நாகவல்லி சிரிக்கவில்லை. எட்டி அவன் சட்டைக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். "கஞ்சியில உப்பு போட்டது யாரு?"

"உப்பா?"

"ஆமா. ஒண்ணு ரெண்டு கல் இல்ல. அள்ளிப் போட்டுகீது. யாரு போட்டது, அம்மாவா?"

"நான் எதுக்கும்மா சட்டைக்கு உப்பு போட்றேன்? உப்பு நான் குடிக்கிற..." தாயம்மா பாதியில் நின்றாள். கண் அகலமாகியது. மகனைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தான் இருப்பது பெண் வீடு என்பதும், எதிரே இருப்பது சம்பந்தி என்பதும், தன் இரண்டு வருஷத்துப் பாட்டும் அவளுக்கு மறந்தே போயிற்று.

"அடப் பாவி! என் கஞ்சிய எட்த்து சட்டைக்குப் போட்டது நீயாடா? அலுமினியச் சட்டில வெச்சேனே! சனிக்கெழம பூரா பட்டினி கெடந்தேனே! எத்தினி வாட்டி சொல்லிகீறேன், மோந்து பாத்துட்டு எட்ரா, மோந்து பாத்துட்டு எட்ரான்னு! ஐயோ, அந்தப் பூனை! வாயில்லாத சீவன அந்த வசவு வஞ்சேனே!"

ஹாஜா மொய்தீன் தன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தாயம்மா மெல்லத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் எத்தனை வாட்டி சொல்லியிருக்கிறாள் என்பது கூடம் முழுக்கக் கேட்டாயிற்று.

நாகவல்லி எழுந்தாள். "போட்றது நீங்கதான்னு தெரிஞ்சு போச்சு. போட வருமான்னு தெரியலயே" என்றாள். உதட்டோரம் ஏதோ நெளிந்தது. "இன்னிக்குத் தேய்க்க சுருட்டி வெச்ச துணி உள்ள கீது. பெட்டியும் கீது."

பூந்தமல்லியில் பெண் பார்க்க வந்த எத்தனையோ மாப்பிள்ளைகள் பஜ்ஜி தின்றிருக்கிறார்கள். கை கழுவிவிட்டு இஸ்திரி போட நின்றவன் தேவராஜ் ஒருவன்தான். மேஜையில் போர்வை விரித்தாயிற்று. தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்திருந்த துணிகளிலிருந்து நாகவல்லி ஒன்றை உருவினாள்.

"அது என்னுதும்மா!" என்று மணவாளன் பதறினார். "புதுசும்மா. தம்பியோட பழசு ஒண்ணக் குடேன்."

"இதான்" என்றாள்.

பெட்டி கரிப்பெட்டி இல்லை, கரண்டுப் பெட்டி. தேவராஜ் தூக்கிப் பார்த்தான். பச்சைக்குழந்தையைத் தூக்கினது போல இருந்தது. அவன் பெட்டி தன் கனத்திலேயே பாதி வேலையைச் செய்யும். இதை அழுத்த வேண்டும். எவ்வளவு சூடு என்றும் தெரியாது. எச்சில் தொட்ட விரலை அடியில் வைத்து எடுத்தான். ஸ்ஸ் என்ற சத்தம் கொஞ்சம் பலமாகவே வந்தது. அதிகச் சூடு. இப்போதே வைத்தால் மணவாளன் முதுகில் பெட்டியின் உருவம் ஜென்மத்துக்கும் நிற்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டு நின்றான். மணவாளன் சட்டையைப் பார்த்தார், தேவராஜைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தலைகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி நின்றன. தேவராஜுக்குப் பின்னங்கழுத்தில் வேர்த்தது. ஜன்னலைச் சாத்தச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டான். வெளிச்சத்தில் துணியின் இழை நன்றாகத் தெரிந்தது.

பிறகு காலரைத் திருப்பிப் போட்டு, முனையிலிருந்து நடுவுக்கு ஒரு ஓட்டம். தோள் பட்டை. கைப்பட்டி. கை. பொத்தான்களைச் சுற்றிப் பெட்டியின் மூக்கு நுனியால் வளைந்து வளைந்து, ஒரு பொத்தான்கூடச் சூட்டை உணராமல். முதுகில் அவன் பெட்டியை விட்ட விதத்தைப் பார்த்து மூத்த தம்பி, "இன்னாடா இது, படகு போற மாதிரி போவுது" என்று முணுமுணுத்தான். தேவராஜ் யாரையும் மறந்து போனான். குனிந்தான், நிமிர்ந்தான், குனிந்தான். அந்தக் குனிதலில் பேண்டுக்குள் இருந்த சட்டை வெளியே வந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஆடு தின்ற ஓட்டை, கூடம் பார்க்க விரிந்தது.

"அது இன்னா?" என்றாள் நாகவல்லி.

"ஆடு" என்றான், கையை நிறுத்தாமல். "உப்பு."

அவள் சிரித்தாள். அது வாயைப் பொத்திக்கொள்கிற சிரிப்பு இல்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தாயம்மாவுக்குக்கூடத் தொற்றிக்கொண்டது.

தேவராஜ் சட்டையைத் தூக்கி இரண்டு தோளிலும் பிடித்து நிறுத்தினான். நின்றது. மணவாளன் கிட்டே வந்து காலரை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது. "யப்பா!" என்றார் தன்னை மறந்து. "இந்தக் கைமடிப்பு எப்டி வந்துச்சு மாப்ளே?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரையே கேட்டுக்கோ அண்ணே. இனிமே தம்பிங்க சட்ட ரெண்டையும் நீதான் போடப் போற" என்று பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, நாகவல்லி உள்ளே போனாள்.

போனவள் வரவில்லை. அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. ஹாஜா மொய்தீன் தேவராஜின் காதருகே வந்து, "இன்னா சொல்லிச்சு? சரின்னு சொல்லிச்சா, இல்லன்னு சொல்லிச்சா?" என்றார். "தெரியல பாய்" என்றான் தேவராஜ். அவன் கையில் இன்னும் பெட்டியின் சூடு இருந்தது. அந்த ஊரிலேயே மிகக் கசங்கிய மனிதனாகத் தான் நிற்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வந்தும் அது அவனை ஒன்றும் செய்யவில்லை.

அவள் ஒரு புடவையோடு வந்தாள். கறிவேப்பிலைப் பச்சை, மஞ்சள் கரை. கஞ்சி போட்டுக் காயவைத்ததில் அட்டை மாதிரி ஒட்டிக்கிடந்தது.

"மொதல் சம்பளத்துல எனக்குன்னு வாங்கினது. கஞ்சி போட்டாத்தான் நிக்கும். போடுவேன். ஆனா இத நீவி மடிக்க ஒரு ஆள் பத்தாது. இவனுங்களக் கூப்டா பந்தாடப் போய்ட்டானுங்கன்னு பதில் வரும். அப்டியே சுருட்டி வெச்சிட்றது" என்றாள். ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். "புடிங்க."

பிடித்தான். அவள் மறு முனையோடு பின்னாலேயே நடந்தாள். ஆறு கெஜத்துக்கு அந்த நீளமான கூடமும் போதவில்லை. அவள் கொல்லைப்பக்கத்து வாசற்படியில் போய் நின்றாள். அவன் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து தெருவில் இறங்கி, சைக்கிளில் போன ஒருவன் மணியடிக்க, அங்கேயே நின்றான். வீட்டுக்கு ஊடே தெருவிலிருந்து கொல்லை வரைக்கும் பச்சையாக ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலின் அந்தக் கரையில் மணவாளனும் தம்பிகளும், இந்தக் கரையில் தாயம்மாவும் ஹாஜா மொய்தீனும், தாண்ட முடியாமல் நின்றார்கள்.

"கிழியாது. நல்லா இழுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இழுத்தான். அவளும் இழுத்தாள். ஒட்டிக்கிடந்த கஞ்சி சடசடவென்று விட்டுக்கொடுத்தது. துணி தொய்வில்லாமல் விறைத்து, அவள் கை அசைகிற ஒவ்வொரு அசைவும் அவன் விரலுக்கு வந்து சேர்ந்தது. கரையோடு கரை சேர்த்து அகலத்தை மடித்தார்கள். மறுபடி இழுத்தார்கள். மறுபடி மடித்தார்கள். பிறகு அவள் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனை நோக்கி நடக்கத் தொடங்கினாள். தெருவிலிருந்து அவனும் படியேறினான். அவர்களுக்கு நடுவே பச்சைத் துணி தரையில் படாமல், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது.